ஹான்சி குரோனியே

பொருளாசையாற் கெட்டோர் உலகிற் பலர். புகழின் உச்சியில் நின்று அதனாற் கெட்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட்டுத் தலைவர் ஹான்சி குரோனியே. அவர் சரிதையை அவருடைய தமையனார் 2008-ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் ஆக்கினர்.

குரோனியே 1969-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 25-ஆம் நாள் புளூம்பாண்டீன் நகரிற் பிறந்தார். அந்நகரத்துக் கிரே கல்லூரியிற் பயின்றார். நிறவேற்றுமைக் கொள்கையால் உலக ஆட்டக்களத்தினின்று விலக்குண்டிருந்த அவர் நாடு 1991-இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் டெஸ்டு ஆட்டத்துட் புகுந்த அவர், 1994-ஆம் ஆண்டின் இறுதியில் தலைமை ஏற்றார். அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தைந்து. அவர் தலைமையில் நிகழ்ந்த 53 டெஸ்டுகளில் வெற்றி 27, தோல்வி பதினொன்றே. இறைப்பற்று மிக்கவரென்றும், நேர்மையாளரென்றும் நாட்டார் அவரைப் போற்றினர்.

எனினும், 1996-ஆம் ஆண்டு கான்பூர் டெஸ்டின்போதே சூதாடிகளின் பணம் அவர் கைக்கு வந்துவிட்டது. அப்பயணத்தின் முடிவில், ஓராட்டத்தைத் தோற்பதற்குப் பெரும்பொருள் தருவதாக வந்த செய்தியைத் தம் குழுவினர்முன் வைத்தார், குழுவினர் மறுத்தனர். ஆண்டுகள் சென்றும் அவ்வாசை தணிந்திலது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நம் மேற்குமலைக்கு அப்பாலுள்ள கொச்சியில் ஒருநாள் ஆட்டத் தொடர் தொடங்கிற்று. அத்தொடரின் இறுதியாட்டம் நாகபுரியில் நிகழ்ந்தது. அங்கே கிப்ஸ், வில்லியம்ஸ் என்னும் இருவரை அவர் அணுகினார். முன்னவர் இருபது ஓட்டங்களுக்குட்பட்டு ஆட்டமிழத்தல் வேண்டும். பின்னவர் ஐம்பதுக்கு மேற்பட்ட ஓட்டங்களை விட்டுக்கொடுத்தல் வேண்டும். ஆளுக்கு 15,000 டாலர். இருவரும் இசைந்தனர். ஆனால் களத்தில் நிகழ்ந்தது வேறு. கிப்ஸ் 74 ஓட்டங்கள் குவித்தார். வில்லியம்ஸ் பதினொரு பந்துகள் வீசியதும் தோள் நோவுற்று விலகினார். ஆயினும் ஆறு திங்கள் தடை அவ்விருவரையும் பற்றிற்று.

ஏப்ரல் மாதம் 7-ஆம் நாள், தில்லிக் காவலர் தொலைபேசி உரையாடல்களால் தாம் அறிந்ததை வெளியிட்டனர். குரோனியே முதலில் மறுத்தார். சின்னாட்களில் ஒப்புக்கொண்டு பதவி இழந்தார். நீதிபதி கிங் அவர்களின் விசாரணையில் கண்ணீர் சிந்தினார். அக்டோபரில் வாழ்நாள் தடை விதிக்கப்பெற்றது. 2002-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், அவர் ஏறிச்சென்ற சரக்கு விமானம் ஜார்ஜ் நகரருகே மலையில் மோதிற்று. முப்பத்திரண்டு அகவையில் அவர் வாழ்வு முடிந்தது.

பணம் பெற்றது குற்றமே. அதனினும் கொடிது ஒன்றுண்டு. பாரதத்திலே தருமன் பொருளையும் நாட்டையும் பணயம் வைத்துத் தோற்றான். அவற்றினும் நம் நெஞ்சைச் சுடுவது அவன் தம்பியரைப் பணயம் வைத்ததன்றோ! குரோனியேயும் தம்மை நம்பி நின்ற இளையோரையே சூதிற்கு ஈடாக்கினார். தலைவன் சொல்லை மறுத்தற்கு அஞ்சும் இளைஞனுக்கு அத்தலைவனே அரண் ஆவான். அரணே பகையானால் அவன் யாண்டுச் செல்வான்?

மாணவ நண்பர்களே! தேனியிலும் கம்பத்திலும் அறுவடை முடிந்த வயல்களில் ஆடும் சிறுவர் குழுவிற்கும் தலைவன் ஒருவன் உண்டு. அவன் கையிலிருப்பது மட்டையும் பந்தும் மட்டுமல்ல. உடன் ஆடுவோர் அவன்பால் வைத்த நம்பிக்கையுமாம்.