மியோயே அடிகள்

ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரின் வடமேற்கே, மலைச்சரிவில் அமைந்தது கோசான்ஜி விகாரை. இலையுதிர் காலத்தே மேப்பிள் மரங்கள் செந்தீயெனச் சிவக்கும். அவ்வழகைக் காண மக்கள் திரள்வர். அவ்விகாரையை 1206-ஆம் ஆண்டில் புதுக்கி நிறுவியவர் மியோயே அடிகள் (1173–1232).

இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து துறவு பூண்ட அடிகள், பகவன் புத்தர் நடந்த பாரத மண்ணைத் தரிசிக்கப் பெருவேட்கை கொண்டார். 1203-இல் புறப்பட எண்ணியபோது தெய்வவாக்கு தடுத்தது. 1205-இல் மீண்டும் முனைந்தார், சீனத்துச் சாங்கான் நகரினின்று இராசகிருகம் வரையுள்ள தொலைவை நாட்கணக்கில் வகுத்தெழுதினார், நோய் தடுத்தது.

அடிகள் உளம் தளர்ந்தாரல்லர். பகவனின் திருவடிச் சுவட்டைக் கழுவிய நீரும் தம் நாட்டுக் கடல்நீரும் ஒன்றே எனத் தெளிந்து, கடற்கரைக் கூழாங்கல்லொன்றைத் திருச்சின்னமாகப் பேணினார்.

அன்பர்களே! அவர் காணாது ஏங்கிய மண்ணிலே பிறந்தும், அவ்வறத்தை நெடுங்காலம் மறந்திருந்தோம். இனியேனும் மறவாதிருப்போமாக.