ஜகதீஷ் சந்திர போஸ் (1858 – 1937)

களுபோவில போன்ற நெரிசல் மிக்க பகுதியில் வீதியின் இரு புறமும் உள்ள இரண்டு கட்டடங்களின் கணினி வலையமைப்புகளை இணைக்க வேண்டும் எனக் கொள்வோம். வீதியைத் தோண்டிக் கேபிள் பதிப்பது எளிதன்று. எனவே இரு கூரைகளிலும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி அன்ரனாக்களைப் பொருத்தி, நுண்ணலைகளின் மூலம் தரவுகளை அனுப்புவர். இது கம்பியில்லாப் பாலம் எனப்படும். இவ்வாறான குறுகிய அலைகளை உண்டாக்கிப் பயன்படுத்திக் காட்டிய முன்னோடி, வங்காளத்தைச் சேர்ந்த ஜகதீஷ் சந்திர போஸ் ஆவார்.

இவர் 1858 நவம்பர் 30 இல் இன்றைய பங்களாதேஷிலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரச உத்தியோகத்தர். அக்காலத்தில் வசதியுள்ளோர் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கே அனுப்பினர். தந்தையோ மகனை முதலில் வங்காள மொழிப் பாடசாலையில் சேர்த்தார். மீனவர் பிள்ளையும் ஏவலாளர் பிள்ளையும் அங்கு அவரது தோழர்கள். தாய்மொழியில் கற்கும் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

பின்னர் கல்கத்தா சென்ற் சேவியர் கல்லூரியில் கற்று, 1880 இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். நோயினால் அப்படிப்பைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் கற்றார். ராலே பிரபு அங்கு அவரது ஆசிரியர்களுள் ஒருவர்.

1885 இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியற் பேராசிரியரானார். ஆனால் அதே வேலைக்கு ஐரோப்பியருக்குக் கொடுத்ததை விடக் குறைந்த சம்பளமே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸ் சண்டையிடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். குடும்பத்தில் கடன் இருந்தபோதும் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றிக் கற்பித்தார். ஈற்றில் நிருவாகம் இணங்கி, முழுச் சம்பளத்தையும் நிலுவையுடன் வழங்கியது.

1894 இல், தமது 36 ஆவது வயதில், சிறிய அறையொன்றில் மின்காந்த அலைகள் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். ஹேட்ஸ் என்பவர் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவற்றின் தெறிப்பு, முறிவு ஆகியவற்றை ஆராய மிகப் பெரிய கருவிகள் தேவைப்பட்டன. அலைநீளத்தைக் குறைத்தால் கருவியும் சிறிதாகும் என்பதை உணர்ந்த போஸ், சுமார் 5 மில்லிமீற்றர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். புனல் வடிவ அன்ரனா, அரியம் முதலியவற்றையும் அமைத்தார்.

கணித்துப் பாருங்கள்: அலையின் வேகம் செக்கனுக்கு 30 கோடி மீற்றர். அதனை 0.005 மீற்றரால் வகுத்தால் 60 கிகாஹேட்ஸ் வரும். இன்று சில கூரைப் பாலங்கள் இயங்குவது இதே மீடிறனிலேயே. இவ்வலைகளைக் காற்றிலுள்ள ஒட்சிசன் உறிஞ்சும். மழையும் வலுவிழக்கச் செய்யும். எனவே இவை குறுந்தூரத்திற்கே ஏற்றவை.

1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில் போஸ் அனுப்பிய அலைகள் இடையிலிருந்த சுவர்களைக் கடந்து, 75 அடி தூரத்தில் மணியை ஒலிக்கச் செய்து வெடிமருந்தையும் வெடிக்க வைத்தன. (சுவர் இவ்வலைகளைப் பெரிதும் நலிவாக்கும். அதனாலேயே இன்று அன்ரனாக்கள் கட்டடத்திற்கு வெளியே பொருத்தப்படுகின்றன.) பின்பு உயர்ந்த கம்பங்களின் உச்சியில் உலோகத் தகடுகளைப் பொருத்தி, ஒன்றைத் தம் வீட்டுக் கூரையிலும் மற்றதை ஒரு மைல் தொலைவிலுள்ள கல்லூரியிலும் நிறுத்தி இரண்டையும் இணைக்க எண்ணினார். அதற்கிடையில் இங்கிலாந்து செல்ல நேர்ந்ததால் அது நிறைவேறவில்லை.

1897 ஜனவரியில் இலண்டன் ரோயல் நிறுவனத்தில் தம் ஆய்வை விளக்கினார். கண்டுபிடிப்பை விற்றுப் பணம் தேட அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் மட்டுமே, கலினாப் பளிங்கைக் கொண்ட உணர்கருவிக்கு அமெரிக்க ஆக்கவுரிமை பெறப்பட்டது (1904). அதனாலும் அவர் வருமானம் தேடவில்லை. 1909 இல் வானொலித் தந்திக்கான நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் கிடைத்தது. மார்க்கோனி நீண்ட அலைகளால் கடலைக் கடந்தார். போஸின் அலைகளுக்கு அது இயலாது. இருவரும் நாடியது வெவ்வேறு பயன்களையே எனலாம்.

பிற்காலத்தில் போஸ் தாவரங்களை ஆராய்ந்து, அவற்றின் வளர்ச்சியை அளக்கும் கிரெஸ்கோகிராப் கருவியை அமைத்தார். 1917 இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 1920 இல் ரோயல் சங்க அங்கத்தவரானார். 1937 நவம்பர் 23 இல் கிரிடியில் காலமானார். அவரது மில்லிமீற்றர் அலைப் பரிசோதனைகளை மின்பொறியியலாளரின் சர்வதேசச் சங்கமொன்று 2012 இல் வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது.