கலைஞர் பெயரைக் கல்லில் பொறித்த மாமன்னன்

சோழப் பேரரசின் புகழை உச்சிக்கு உயர்த்திய முதலாம் இராஜராஜன், சுந்தர சோழருக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாக ஐப்பசிச் சதய நாளில் பிறந்தவன். இயற்பெயர் அருள்மொழிவர்மன். தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பின்னர், சிறிய தந்தை முறையினரான உத்தம சோழர் ஆளட்டும் என்று ஒதுங்கி நின்றவன், கி.பி. 985இல் அரியணை ஏறினான்.

சேரநாடும் பாண்டிநாடும் ஈழத்தின் வடபகுதியும் அவன் வாளுக்குப் பணிந்தன. சிவபாதசேகரன் எனப் பெயர் பூண்ட சைவனாயினும், கடார மன்னனின் குலம் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான்.

எனினும், அவனது உள்ளத்தை முழுமையாகக் காட்டுவது கி.பி. 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெருவுடையார் கோயிலே ஆகும். கல்லால் எழுந்த கோயிலுக்கு ஆடலும் பாடலுமே உயிர் என்பதை அவன் உணர்ந்திருந்தான். திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறு முதலிய ஊர்களின் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிர் தஞ்சைக்கு அழைத்துவரப் பெற்றனர். மன்னன் ஆணையால் ஊர்விட்டுப் பெயர்ந்த அவர்களைக் கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டுகள் என்று குறிக்கும். தளி என்பது கோயில். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளைவுடைய ஒரு பங்கும் வழங்கப்பட்டன. ஆடல் பயிற்றும் நட்டுவனார்க்கு இரண்டு பங்கு. வீணை வாசிப்போர், சங்கு ஊதுவோர், தையற்காரர் ஆகியோரும் பங்கு பெற்றனர்.

திருப்பதியம் பாட 48 பேரும், உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டிமத்தளம் முழக்க ஒருவரும் அமர்த்தப்பட்டனர். இந்த 50 பேருக்கும் நாள்தோறும் முக்குருணி நெல் அளக்கப்பட்டது. தில்லையில் முடங்கிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணையுடன் மீட்டவன் இம்மன்னனே என்பது சைவ மரபு.

பங்கு பெற்றவர் மறைந்தால் நெருங்கிய உறவினர் அப்பணியை ஏற்கலாம். அவருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பணி செய்விக்க வேண்டும். உறவுக்கு இடமளித்த மன்னன், கலையின் தரம் குறைய இடமளிக்கவில்லை. அதனினும் சிறப்பு, அந்த 400 மகளிரின் பெயர்களும் அவரவர் வந்த கோயிலின் பெயரோடு கல்லில் பொறிக்கப்பட்டமையாகும். தளபதியர் பெயர் விளங்கும் அதே கோயிலில் ஆடற்பெண்ணின் பெயரும் விளங்குகிறது.

அக்கால ஆடையணிகளைக் கருவறையைச் சுற்றிய உள்சுவர் ஓவியங்கள் காட்டுகின்றன. பிற்கால நாயக்கர் ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த அவை 1931இல் கண்டறியப்பட்டன. இடையில் மெல்லிய துகில், அதன்மேல் மேகலை, தோள்வளை, கொண்டையில் மலர் என ஆடல் மகளிர் அங்கே உயிரோடு நிற்கின்றனர். மேல்தளச் சுவரில் சிவபெருமானே கரணங்களை ஆடிக் காட்டுகிறார். 108 கரணங்களுள் 81 மட்டுமே செதுக்கப்பட்டன. எஞ்சிய கற்கள் வெறுமையாகவே உள்ளன.

கி.பி. 1014இல் இராஜராஜனின் ஆட்சி முடிவுற்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், பேரன் இரண்டாம் இராஜேந்திரன் காலத்தில், வைகாசிப் பெருவிழாவில் இராஜராஜேசுவர நாடகம் நடத்துவதற்காகக் கூத்தர் ஒருவருக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் வழங்கப்பட்டது. அந்நாடகம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால், அதை நடித்த கூத்தரின் பெயர் கல்லில் இருக்கிறது. பாட்டன் தொடங்கிவைத்த வழக்கத்தைப் பேரனும் மறக்கவில்லை.