மங்கலான மலையைத் தெளிய வைத்த மனிதர்... போட்டோஷாப் வருவதற்கு முன்பே எடிட்டிங்கில் கலக்கிய ஆன்சல் ஆடம்ஸ்!

மலை உச்சிக்கு ஏறி, மூச்சு வாங்க நின்று, போனை எடுத்து ஒரு க்ளிக். கண்ணுக்கு அவ்வளவு பிரமாண்டமாகத் தெரிந்த பள்ளத்தாக்கு, ஸ்க்ரீனில் பார்த்தால் பால் கலந்த தண்ணி மாதிரி வெளிறிக் கிடக்கும். உடனே எடிட்டிங் ஆப்பைத் திறந்து 'டிஹேஸ்' ஸ்லைடரை வலது பக்கம் இழுப்போம். மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். கூடவே மனசுக்குள் ஒரு கேள்வியும் வரும். இது நாம எடுத்த படம்தானா, இல்லை ஏமாத்து வேலையா?

டிஜிட்டல் கேமராவே இல்லாத காலத்தில் இதே கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர், அமெரிக்காவின் இயற்கைக் காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ்.

பியானோவா, கேமராவா?

1902 பிப்ரவரி 20-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார் ஆன்சல். வீட்டுக்கு ஒரே பிள்ளை. 1906-ல் அந்த நகரத்தையே புரட்டிப் போட்ட நிலநடுக்கம் வந்தபோது அவருக்கு 4 வயது. பின்னதிர்வு ஒன்றில் தூக்கி எறியப்பட்டு, தோட்டத்துச் சுவரில் முகம் மோதி மூக்கு உடைந்தது. அந்தக் கோணல் மூக்கு கடைசி வரை நேராகவே இல்லை.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. ஒரு இடத்தில் உட்கார மாட்டார், பாடத்தில் கவனம் நிற்காது. வேறு அப்பாவாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றியிருப்பார். இந்த அப்பா பையனைப் பள்ளியிலிருந்தே நிறுத்தி, 1915-ல் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு சீசன் பாஸ் வாங்கிக் கொடுத்தார். தினமும் போய்ப் பார்ப்பதுதான் பாடம்! 12 வயதில் பியானோவைத் தானே கற்கத் தொடங்கியிருந்த ஆன்சலுக்கு, பெரிய பியானோ கலைஞர் ஆக வேண்டும் என்பதுதான் கனவு.

1916-ல் குடும்பத்தோடு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு டூர். அங்கே கையில் கிடைத்தது கோடக் பிரவுனி என்ற சின்னப் பெட்டி கேமரா. அந்த இடம் அவரை விடவே இல்லை. அதன்பின் சாகும் வரை வருஷா வருஷம் யோசெமிட்டிக்குப் போய்க்கொண்டே இருந்தார். அங்கே ஸ்டூடியோ வைத்திருந்தவரின் மகள் வர்ஜீனியா பெஸ்ட்டைத்தான் 1928-ல் கல்யாணமும் செய்துகொண்டார்.

மீதி இருந்தது இரண்டே பிளேட்!

1927 ஏப்ரல் 10. ஹாஃப் டோம் என்ற ராட்சதப் பாறையைப் படம் எடுக்க, பனி படர்ந்த செங்குத்தான பாதையில் நண்பர்களோடும் வருங்கால மனைவி வர்ஜீனியாவோடும் ஏறினார். முதுகில் பெரிய கேமரா, ஸ்டாண்டு, 12 கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டுகள். இன்றைக்குப் போல நூறு க்ளிக் அடித்துவிட்டு நல்லதைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஹாஃப் டோம் எதிரே வந்தபோது மீதி இருந்தது இரண்டே பிளேட்.

முதல் பிளேட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த நொடியே உறைத்தது. படம் சரியாக வரும், ஆனால் அந்தப் பாறை முன் நின்றபோது மனசுக்குள் ஏற்பட்ட மிரட்சி அதில் வராது. கடைசி பிளேட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். 5 விநாடி எக்ஸ்போஷர். வானம் கிட்டத்தட்ட கறுப்பாக, பாறை அதிலிருந்து பிதுங்கி வருவது போல ஒரு படம் கிடைத்தது. 'மோனோலித்' என்று உலகம் கொண்டாடும் படம் அதுதான்.

சிவப்பு ஃபில்டர் என்ன மேஜிக் செய்தது? தூரத்து மலை வெளிறித் தெரிவதற்குக் காரணம், நடுவில் இருக்கும் காற்று. காற்றின் மூலக்கூறுகளும் மிக நுண்ணிய துகள்களும் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன. அதில் நீல ஒளிதான் அதிகம் சிதறும், சிவப்பு குறைவாகச் சிதறும். அந்தச் சிதறிய நீலம் மலைக்கு முன்னால் மெல்லிய திரை போல விழுகிறது. சிவப்பு ஃபில்டர் நீலத்தை உள்ளே விடாது. எனவே, திரை விலகிவிடும், நீல வானமும் இருண்டுவிடும்.

இதே வேலையை உங்கள் போனிலும் செய்யலாம். கலர் படத்தை பிளாக் அண்ட் ஒயிட்டாக மாற்றும்போது, லைட்ரூம் மாதிரி ஆப்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் இருக்கும். நீலத்தைக் குறைத்துப் பாருங்கள். 1927-ல் ஆன்சல் கண்ணாடித் துண்டால் செய்ததை நீங்கள் விரலால் செய்கிறீர்கள். ஒரு விஷயம்... உண்மையான மூடுபனிக்கு இந்த வித்தை பலிக்காது. அதிலுள்ள நீர்த்துளிகள் பெரியவை என்பதால், எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடித்துவிடும்.

டாட்ஜ், பர்ன்... இருட்டறையின் குழந்தைகள்

1930 வாக்கில் பியானோ கனவை விட்டுவிட்டு, முழுநேரமாகக் கேமராவுக்கு வந்தார் ஆன்சல். அப்போது புகைப்படத்தை ஓவியம் மாதிரி காட்டுவதுதான் ஃபேஷன். வேண்டுமென்றே மங்கலாக்குவது, பிரஷ்ஷால் தீற்றுவது என்று போய்க்கொண்டிருந்தது. எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் போன்றவர்களோடு சேர்ந்து 1932-ல் 'எஃப்/64' என்ற குழுவை ஆரம்பித்தார். லென்ஸின் துவாரத்தை மிகச் சிறிதாக்கி, முன்னால் இருக்கும் கல்லிலிருந்து பின்னால் இருக்கும் மலை வரை எல்லாமே கூர்மையாகத் தெரிய வேண்டும், புகைப்படம் புகைப்படமாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

அப்படியென்றால் எடிட்டிங்கே கூடாதா? அங்கேதான் ட்விஸ்ட். கூர்மை விஷயத்தில் கறாரான இதே ஆன்சல், இருட்டறைக்குள் போனால் ஒரு பிரின்ட்டுக்காக மணிக்கணக்கில் போராடுவார். நெகட்டிவிலிருந்து பேப்பருக்கு ஒளி விழும்போது, கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையால் ஓரிடத்தை மறைத்தால் அந்த இடம் வெளுக்கும். அது டாட்ஜ். அட்டையில் ஓட்டை போட்டோ, கைகளைக் குவித்தோ ஓரிடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி விட்டால் அது கறுக்கும். அது பர்ன். போட்டோஷாப்பில் டாட்ஜ் டூலுக்குக் குச்சி மிட்டாய் மாதிரியும், பர்ன் டூலுக்குக் குவித்த கை மாதிரியும் ஐகான் இருப்பது இதனால்தான். போனில் ஸ்னாப்சீட் பயன்படுத்தினால், அதன் பிரஷ்ஷிலும் இதே பெயர்கள் இருக்கும்.

1940-ஐ ஒட்டி, ஃப்ரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 'ஸோன் சிஸ்டம்' என்ற முறையை உருவாக்கினார். முழுக் கறுப்பை 0 என்றும், முழு வெள்ளையை 10 என்றும் வைத்து, இடையிலுள்ள சாம்பல் நிறங்களைப் படிப்படியாகப் பிரிப்பது. நடுச் சாம்பல் 5. மங்கலான படத்தின் நோய் என்ன என்பதை இந்தக் கணக்கு சட்டெனச் சொல்லிவிடும். அதில் 0-வும் இருக்காது, 10-ம் இருக்காது. எல்லாமே நடுவில் குவிந்து கிடக்கும். எடிட்டிங் ஆப்பில் ஹிஸ்டோகிராம் நடுவில் மேடு கட்டி நிற்குமே, அதேதான். 'பிளாக்ஸ்' ஸ்லைடரைக் கொஞ்சம் கீழே, 'ஒயிட்ஸ்' ஸ்லைடரைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாலே பாதி மங்கல் போய்விடும். டிஹேஸ் பக்கம் அதற்குப் பிறகு போனால் போதும்.

ஒரு நெகட்டிவ்... பல வருஷ எடிட்டிங்

1941 நவம்பர் 1. நியூ மெக்ஸிகோவில் 8 வயது மகன் மைக்கேலோடும் நண்பரோடும் காரில் போய்க்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற குட்டி கிராமத்தின் மேல் நிலா எழுந்திருந்தது. சாயும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைச் சிலுவைகளில் பட்டு மின்னியது. காரை ஓரங்கட்டி, அவசர அவசரமாகக் கேமராவை நிறுத்தினார். ஒளியளக்கும் மீட்டர் கிடைக்கவில்லை! நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரு க்ளிக். இரண்டாவதுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளின் வெளிச்சம் போய்விட்டது.

கிடைத்த ஒற்றை நெகட்டிவில் கீழ்ப்பகுதி மெலிந்திருந்தது. 1948-ல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனக் கரைசலில் நனைத்து வலுவாக்கினார். ஆரம்பகால பிரின்ட்டுகளில் வானம் சாம்பல் நிறம், மேகக் கீற்றுகளும் தெரியும். வருஷங்கள் போகப் போக வானத்தை இருட்டிக்கொண்டே போய், கடைசியில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக்கிவிட்டார். தன் வாழ்நாளில் இந்த ஒரு நெகட்டிவிலிருந்து 1,300-க்கும் மேற்பட்ட பிரின்ட்டுகள் போட்டார். பியானோக்காரர் அல்லவா... நெகட்டிவை இசைக்குறிப்பாகவும், பிரின்ட்டை அதன் கச்சேரியாகவும்தான் பார்த்தார். ஒரே பாட்டை ஒரே மாதிரி யாராவது வாசிப்பார்களா என்ன?

எங்கே கோடு போடுவது?

1943-ல் ஆன்சல் வேறொரு இடத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அரசாங்கம் அடைத்து வைத்திருந்த மான்சனார் முகாம். அங்கிருந்த சாதாரண மனிதர்களின் முகங்களை எடுத்து, போர் முடியும் முன்பே 1944-ல் புத்தகமாக வெளியிட்டார். எதிரி நாட்டு ஆட்கள் என்று ஊரே பார்த்தவர்களை, சக குடிமக்களாகக் காட்டிய புத்தகம்.

அந்த நாள்களில் பக்கத்து ஊரான லோன் பைனிலிருந்து அவர் எடுத்த குளிர்கால விடியல் படம் ரொம்பப் பிரபலம். அதில் ஒரு ரகசியம் இருக்கிறது. நிழலில் கிடக்கும் குன்றின்மேல், பள்ளி மாணவர்கள் வெள்ளையடித்த கற்களால் ஊரின் முதலெழுத்துகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆன்சல் அதை நெகட்டிவிலும் பிரின்ட்டிலும் மறைத்துவிட்டார். இன்றைய 'ஆப்ஜெக்ட் ரிமூவர்'! அதை மறைத்தது சரியா என்று கேட்டவர்களும் உண்டு. அவரோ அதை ஒளிக்கவில்லை, தன் புத்தகத்தில் அவரே எழுதி வைத்தார்.

ஆன்சலின் படங்கள் வெறும் சுவர் அலங்காரமாக நிற்கவில்லை. சியரா நெவாடா மலைகளைப் பற்றிய அவரது 1938 புத்தகம், அதிபர் ரூஸ்வெல்ட்டின் மேஜை வரை போனது. 1940-ல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதில் அதற்கும் பங்கு உண்டு. மலையின் கம்பீரத்தைக் கூட்டிக் காட்டினாரே தவிர, இல்லாத மலையைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. யோசெமிட்டியில் புயல் விலகும் நேரத்தை எடுத்த படத்தில், பள்ளத்தாக்கில் தவழும் பனியை அப்படியே விட்டிருக்கிறார். அந்தப் படத்தின் உயிரே அதுதான். எனவே, டிஹேஸை 100 வரை இழுப்பதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கலாம். தூரத்து மலையில் கொஞ்சம் மங்கல் இருந்தால்தான் அது தூரத்தில் இருக்கிறது என்றே தெரியும்.

1984 ஏப்ரல் 22-ல், 82 வயதில் ஆன்சல் இறந்தார். போட்டோஷாப் வந்தது 1990-ல். லைட்ரூமில் டிஹேஸ் வந்தது 2015-ல். ஆனால் 1981-லேயே, எலெக்ட்ரானிக் படங்கள் வரப்போகின்றன என்று ஆர்வத்தோடு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய நெகட்டிவ்கள் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மேகமும் மெலிந்த முன்புறமுமாக இருந்த ஒரு நெகட்டிவை அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தால், அந்தக் கறுப்பு வானத்து நிலா நமக்குக் கிடைத்தே இருக்காது. அதனால மக்களே, எடிட் பண்ணுங்க, தப்பில்லை. ஒரிஜினல் ஃபைலை மட்டும் டெலீட் பண்ணிடாதீங்க. இன்னும் 10 வருஷம் கழிச்சு, அதே மலையைப் பார்க்கிற உங்க கண்ணே மாறியிருக்கும்.