பிராங்க்ளினின் கைமுதல்

பெஞ்சமின் பிராங்க்ளினை மின்னலின் தன்மையை ஆராய்ந்த சாஸ்திரியாகவும், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட தேசபக்தராகவும் நம்மவர் அறிவர். கையில் முதலின்றி ஓர் அச்சுக்கூடம் வைக்க அவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. யாரிடம் யோசனை கேட்பது, யாரிடம் பணம் கேட்பது என்று தயங்கி நிற்கும் வாலிபர்க்குப் பயன்படுமென்று கருதி அவ்வரலாற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

1706-ம் ஆண்டில் பாஸ்டன் நகரில் மெழுகுவத்தியும் சவுக்காரமும் செய்து விற்ற ஒருவரின் மகனாகப் பிறந்தார். தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயின்று, அவரோடு பிணங்கி, 1723-ல் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். அங்கே கூலிக்கு எழுத்துக் கோத்துவந்த பிள்ளையை, பென்சில்வேனியாவின் கவர்னராயிருந்த சர் வில்லியம் கீத் தாமே தேடிவந்து, தனி அச்சுக்கூடம் வைக்குமாறு தூண்டினார். தந்தைக்குச் சிபார்சுக் கடிதமும் கொடுத்தனுப்பினார். தந்தை அதைக் கண்டு மயங்கவில்லை. வயது போதாதென்றும், இருபத்தொரு வயதுவரை உழைத்துச் சேர்த்தால் குறைவதைத் தாம் கொடுப்பதாகவும் சொல்லி அனுப்பிவிட்டார். எமது மதிப்பில் அக்காலத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல யோசனை இம்மறுப்பே.

கவர்னரோ தாமே முதல் தருவதாக முன்வந்தார். வேண்டிய சாமான்களின் ஜாபிதா சுமார் 100 பவுனுக்கு வந்தது. லண்டனுக்குச் சென்று நேரில் வாங்கி வரலாமென்றும், கடனுறுதிக் கடிதங்கள் கப்பலில் வந்து சேருமென்றும் வாக்களித்தார். இவ்வேற்பாட்டைப் பிராங்க்ளின் இரகசியமாக வைத்துக்கொண்டார். வெளியிட்டிருந்தால் கீத்தின் குணம் அறிந்தவர் தடுத்திருப்பர். 1724 டிசம்பர் 24-ந் தேதி லண்டனை அடைந்தபோது கடிதம் ஒன்றுமில்லை. உடன் வந்த டென்ஹாம் என்னும் வியாபாரி, கீத்தின் கையெழுத்துக்குச் செலாவணி இல்லையென்பதை விளக்கி, அந்நகரத்து அச்சுக்கூடங்களில் அமர்ந்து தொழிலைத் திருத்தமாகக் கற்கும்படி கூறினார். அதிகாரியின் வாய்ச்சொல்லை அச்சு யந்திரமாக்க எக்கொல்லனாலும் இயலாதன்றோ!

1726-ல் திரும்பிய பிராங்க்ளின், மறு ஆண்டு தம்மையொத்த வாலிபர் சிலரைக் கூட்டி, வெள்ளிக்கிழமை தோறும் கூடும் ஜுண்டோ என்ற சபையை அமைத்தார். 1728-ல் மெரிடித் என்னும் தோழரோடு கூட்டாக அச்சுக்கூடம் திறந்தார்; முதல் மெரிடித்தின் தந்தையுடையது. சபை நண்பர்கள் வேலை தேடித் தந்தனர். கதவு திறந்ததும் ஒரு சிநேகிதர் அழைத்து வந்த நாட்டுப்புறத்தான் கொடுத்த ஐந்து ஷில்லிங்கை அவர் ஆயுள் முழுதும் மறக்கவில்லை.

விரைவிலேயே ஆபத்து வந்தது. மெரிடித்தின் தந்தை ஒப்புக்கொண்ட 200 பவுனில் பாதியையே செலுத்தினார். மீதிக்காகச் சாமான் கொடுத்த வியாபாரி வழக்குத் தொடுத்தார். யந்திரமும் எழுத்துக்களும் அரைவிலைக்கு ஏலம் போகும் நிலைமை. அப்பொழுது ஜுண்டோ நண்பர்களான வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் இருவரும், ஒருவர் வந்ததை மற்றவர் அறியாமல், கேளாமலே வந்து, முழுத் தொகையும் கடன் தருவதாகக் கூறினர். குடியில் ஆழ்ந்த மெரிடித்தைக் கூட்டினின்றும் நீக்க வேண்டுமென்பதே அவர்கள் கோரியது. அந்த ஆபத்திலும் பிராங்க்ளின், மெரிடித் குடும்பத்தார் தம் பங்கை நிறைவேற்றக்கூடிய வரையில் பிரிவதில்லையென்று நின்றார். பின்னர் மெரிடித்தே விலக விரும்பியதால், அவர் தந்தை கொடுத்த 100 பவுனுடன், அவருக்கு 30 பவுனும் ஒரு புதுச் சேணமும் கொடுத்துக் கணக்குத் தீர்த்தார். நண்பரிருவரில் எவர்க்கும் மனக்குறை உண்டாகாதவாறு ஆளுக்குப் பாதியாகக் கடன் பெற்றார்.

தமக்குத் தொழில் நிலைத்தபின், 1731 முதல் தம் தொழிலாளரில் தக்கவர்க்கு யந்திரமும் எழுத்தும் கொடுத்து வேறூர்களில் அச்சுக்கூடம் வைப்பித்தார். செலவில் மூன்றிலொன்று அவருடையது; லாபத்திலும் அவ்வளவே.

1790-ல் இறக்குமுன் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுன் எழுதிவைத்தார். தொழில் பயின்று முடித்த, 25 வயதுக்குட்பட்ட, மணமான கைத்தொழிலாளர்க்கு 15 முதல் 60 பவுன் வரை, நூற்றுக்கு ஐந்து வட்டியில், நன்மதிப்புள்ள இருவர் ஜாமீனில் கடன் தரவேண்டும், பத்தாண்டில் திரும்பவேண்டும். அவர் குறித்த இருநூறாண்டும் முடிந்தபோது பாஸ்டன் நிதி 40 லட்சம் டாலருக்கு மேல் வளர்ந்திருந்தது.