விறகுக்குப் போக வேண்டிய பலகை, லட்சங்களில் விலை! புதுச்சேரியில் நாற்காலி செய்யத் தொடங்கிய ஜார்ஜ் நகாஷிமாவின் கதை

தேனியிலிருந்து கம்பம் போற வழியில ஏதாவது ஒரு மர மில்லைக் கடக்கும்போது, ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டிப் பாருங்க. ரெண்டு குவியல் கிடக்கும். ஒன்று, நேராக அறுத்து அடுக்கிய பலகைகள். அது கதவாகும், ஜன்னலாகும், கட்டிலாகும். இன்னொன்று, கணு விழுந்தது, நடுவில் வெடித்தது, ஓரம் கோணலாகப் பட்டையோடு நிற்பது. அது விறகுக்கு. செங்கல் சூளைக்கோ, கல்யாண மண்டப அடுப்புக்கோ போய்ச் சேரும்.

அந்த ரெண்டாவது குவியலை நம்பித் தொழிலைத் தொடங்கியவர்தான் ஜார்ஜ் நகாஷிமா. 2006-ல் அவருடைய ஒரே ஒரு மேஜை ஏலத்தில் 8 லட்சம் டாலருக்கு மேல் போனது. இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணும்போது, ஓரத்தைச் சீவாமல் மரத்தின் வளைவை அப்படியே விட்ட 'லைவ் எட்ஜ்' டேபிள்களைப் பார்த்திருப்பீங்க. அந்த ஸ்டைலை உலகத்துக்குப் பழக்கியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. இவர் வடிவமைத்த முதல் ஃபர்னிச்சர்கள் உருவானது எங்கே தெரியுமா? நம்ம புதுச்சேரியில்!

1905-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார் நகாஷிமா. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, பிறகு உலகப் புகழ்பெற்ற எம்.ஐ.டி-யில் முதுகலை. படித்து முடித்த நேரம் பார்த்து அமெரிக்கா பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்தது. வேலை நிலைக்கவில்லை. மனுஷன் என்ன செய்தார்? காரை விற்றார். அந்தக் காசில் உலகைச் சுற்றும் கப்பல் டிக்கெட் ஒன்றை வாங்கினார். பாரிஸில் கொஞ்ச நாள், வட ஆப்பிரிக்காவில் கொஞ்ச நாள் எனச் சுற்றிவிட்டு, 1934-ல் டோக்கியோ போய்ச் சேர்ந்தார். அங்கே அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இந்த ரேமண்ட் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் வருவார்.

அப்போது புதுச்சேரி ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தில் சாதகர்கள் தங்க ஒரு விடுதி கட்ட அன்னை திட்டமிட்டிருந்தார். பணம் ஹைதராபாத் நிஜாமின் அரசில் இருந்த சர் அக்பர் ஹைதரி மூலம் வந்தது. அதனால் கட்டடத்துக்கு 'கோல்கோண்ட்' என்று பெயர். வடிவமைப்பு ரேமண்டுடையது. அதைக் கட்டி முடிக்க 1937-ல் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் நகாஷிமா.

கோல்கோண்ட் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். இந்தியாவின் முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று என்று கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிறார்கள். கண்ணாடி ஜன்னலே இல்லை. முகப்பு முழுக்கத் திறந்து மூடக்கூடிய கிடைமட்டத் தகடுகள். வெயிலைத் தடுத்து, காற்றை உள்ளே விடும். அறைகளுக்குத் தேக்கில் இழுப்புக் கதவுகள். சுவரில், செட்டிநாட்டு வீடுகளில் பார்ப்பீங்களே, அந்தப் பளபள சுண்ணாம்புப் பூச்சு. எடுத்த எடுப்பில் கட்டிவிடவும் இல்லை. முதலில் மாதிரி ஒன்றைக் கட்டி, செய்முறை சரிவருமா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். இன்றைய டிசைன் ஸ்டூடியோக்கள் 'புரோட்டோடைப்' என்கிறார்களே, அதேதான். கைப்பிடிக்கும் கீலுக்கும் பித்தளை வேண்டுமா? பக்தர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கி ஆசிரமத்திலேயே வார்த்தார்கள்.

அந்த அறைகளுக்குக் கட்டில், நாற்காலி எனத் தேக்கில் எளிமையான சாமான்களை வடிவமைத்தார் நகாஷிமா. எம்.ஐ.டி-யில் பேப்பரில் கோடு போடக் கற்றவர், இங்கேதான் ஒரு பொருளை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கூடவே நின்று செய்கிற பழக்கத்துக்கு வந்தார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமவாசியாகவே மாறினார். ஸ்ரீஅரவிந்தர் அவருக்குச் 'சுந்தரானந்தா' என்று பெயர் வைத்தார். அழகில் ஆனந்தம் காண்பவர் என்று அர்த்தம்.

அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால், உலகப் போர் மேகம் சூழ்ந்த 1939-ல் கிளம்பிவிட்டார். டோக்கியோவில் மேரியனைச் சந்தித்தார். அமெரிக்கா திரும்பி, 1941-ல் கல்யாணம். சியாட்டிலில் சின்னதாக ஒரு ஃபர்னிச்சர் பட்டறை. அடுத்த வருஷம் மகள் மீரா பிறந்தாள். சராசரிக் குடும்பக் கதை மாதிரிதானே போகுது?

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு போட்டது. 1942 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டு முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அதில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்காவிலேயே பிறந்து, அங்கேயே படித்த நகாஷிமாவும் அதில் ஒருவர். கைக்குழந்தையோடு ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாம். பாலைவனப் புழுதி, தார் பேப்பர் ஒட்டிய மரக் கொட்டகை. செய்த குற்றம், முகம்.

அந்த முகாமில்தான் அவருக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். ஜென்டாரோ ஹிகோகாவா, ஜப்பானிய மரபுத் தச்சு வேலையை முறையாகக் கற்ற ஆசாரி. டிகிரி வாங்கிய ஆர்க்கிடெக்ட் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உளி பிடிக்கவும் இழைப்புளி தள்ளவும் புதிதாகக் கற்றுக்கொண்டார். நம்ம ஊரில் பி.ஆர்க் முடித்த ஒருத்தர், ஆசாரிக்கு எடுபிடியாக நிற்பதைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. நல்ல மரத்துக்கு அங்கே வழியில்லை. கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுகள், பாலைவனத்தில் முளைத்த முறுக்கிய புதர்க்கட்டைகள், அவ்வளவுதான். அதை வைத்து மேஜையும் அலமாரியும் செய்து, கொட்டகையை மனுஷர் வாழும் இடமாக்கப் பார்த்தார்கள். அவருடைய பிற்காலப் பாணிக்கு ஜென் தத்துவம், ஆன்மிகம் என்று நிறைய விளக்கம் சொல்வாங்க. எனக்கென்னவோ, இந்த மிச்சத் துண்டுகள்தான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

இப்போ அந்த ரேமண்ட் வருகிறார். அமெரிக்கா திரும்பியிருந்த அவர் பொறுப்பேற்றுக்கொள்ள, 1943-ல் நகாஷிமா குடும்பத்துக்கு விடுதலை. பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் இருந்த ரேமண்டின் பண்ணைக்குப் போனார்கள். அங்கே நகாஷிமா பார்த்த வேலை, கோழி வளர்ப்பு! பிறகு பக்கத்திலேயே, தன் உழைப்பைக் கொடுத்து அதற்கு ஈடாக மூன்று ஏக்கர் நிலம் வாங்கினார். முதலில் எழும்பியது வீடு இல்லை, பட்டறை. அதுவரை குடும்பமே டென்டில் வாழ்ந்தது.

நல்ல பலகை வாங்கக் காசில்லை. மில்காரர்கள் ஒதுக்கிய கோணல் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. அதை நேராக்கி வெட்டினால் பாதி மரம் வீண். அதனால் ஓரத்தை அப்படியே விட்டார். கணு இருந்தால் அதுவே நடுநாயகம். விரிசலை மக்கு போட்டு மறைக்கவில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சின்னக் கட்டையைச் செதுக்கி, விரிசலின் இரண்டு பக்கமும் கவ்வுவதுபோல் பதித்தார். இடுப்பு ஒடுங்கி, ரெண்டு முனையும் அகன்ற கட்டை என்பதால், மரம் மேற்கொண்டு பிளக்காமல் இழுத்துப் பிடிக்கும். விரிசலும் வெளியே தெரியும், அதைத் தைத்த தையலும் தெரியும். நகாஷிமா என்றதும் டிசைன் உலகத்துக்கு ஞாபகம் வருவது அந்த வண்ணத்துப்பூச்சிதான்.

பார்க்க ஈஸியாக இருக்கும். ஆனால், வேலை மரம் அறுக்கும் இடத்திலேயே ஆரம்பிக்கிறது. ஒரு தடியை எந்தத் திசையில் அறுக்கணும் என்பதை அவரே பக்கத்தில் நின்று தீர்மானிப்பார். ஒரு முறை வாள் இறங்கிவிட்டால் திருத்த முடியாது. அறுத்த பலகைகளை அதே வரிசையில், நடுவே ரீப்பர் வைத்து, காற்றில் வருஷக்கணக்கில் காயவிடுவார். அடுத்தடுத்த ரெண்டு பலகையைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்துச் சேர்த்தால், ரெண்டு பக்கமும் ஒரே ரேகை கண்ணாடியில் தெரிவது மாதிரி வரும். இப்படிச் செய்கிற மேஜையில் ஒன்றைப் போல் இன்னொன்று வரவே வராது. பலகையின் அடிப்பக்கத்தில், ஆர்டர் கொடுத்தவரின் பெயரை எழுதிவைப்பது பட்டறை வழக்கம். இன்று ஏலக்காரர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அந்த எழுத்தைத்தான்.

இதைக் கேட்டு, இவர் காசை வெறுத்த சாமியார் என்று நினைச்சுடாதீங்க. 1946-ல் நோல் நிறுவனத்துக்காக ஒரு நாற்காலியை வடிவமைத்தார். அது ஃபேக்டரியில் தயாராகி விற்பனையானது. மகள் மீராவுக்காகச் செய்த மூணு கால் ஸ்டூல், வாடிக்கையாளர் வாங்கும் 'மீரா சேர்' ஆனது. 1960 வாக்கில் செய்த 'கோனாய்டு' நாற்காலிக்கு ரெண்டே கால். தரையில் படுத்த ரெண்டு கட்டைமேல் அவை நிற்கும். உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடாதா என்று பயந்தவர்கள் உண்டு. கவிழவில்லை, இன்றும் விற்கிறது. 1973-ல் நெல்சன் ராக்ஃபெல்லரின் வீட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட உருப்படிகள். முகாமில் அடைத்த அதே நாட்டின் பெரும் பணக்காரக் குடும்பம் அது.

இந்தியாவையும் அவர் மறக்கவில்லை. 1964-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்தார். அவர் வரைந்த ஃபர்னிச்சர்கள் அங்குள்ள பட்டறையிலேயே தயாராயின. 1983-ல் ஜப்பான் அரசு விருது கொடுத்தது. அடுத்த வருஷம் பிரமாண்டமான ஒரு வால்நட் மரம் கைக்கு வந்தபோது, கண்டத்துக்கு ஒன்றாக 'அமைதி மேஜை' செய்யும் ஆசை பிறந்தது. முதலாவது, 1986-ன் கடைசி நாளில் நியூயார்க்கின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் அர்ப்பணிக்கப்பட்டது. மற்றதைப் பார்க்க அவர் இல்லை. 1990 ஜூனில், 85 வயதில் மறைந்தார். பட்டறையை எடுத்து நடத்தியது, முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போன அதே மீரா.

அதே 1990-ல்தான் நெதர்லாந்தில் பீட் ஹைன் ஏக் என்ற மாணவர், கழித்துப் போட்ட பழைய மரத்துண்டுகளை ஒட்டி ஓர் அலமாரி செய்து கல்லூரியில் சமர்ப்பித்தார். இன்று அவருடைய ஸ்டூடியோ டச்சு டிசைனின் பெரிய பெயர்களில் ஒன்று. அவரும் ரெண்டாவது குவியல் பார்ட்டிதான். நம்ம பள்ளத்தாக்கிலோ புளி, வாகை, வேம்பு என்று வைரம் பாய்ந்த மரத்துக்குப் பஞ்சமே இல்லை. ரோட்டோரப் புளியமரம் ஒன்று சாய்ந்தால், அதன் அடித்தூர் ஒன்றரை ஆள் அகலம் இருக்கும். அதைப் பலகையாக அறுத்து, ரெண்டு வருஷம் காயவைக்க இடமும் பொறுமையும் இருக்கிற ஆசாரி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், ஓர் ஆர்டர் கொடுத்துப் பாருங்களேன். கணுவோடு வேணும்னு சொல்லுங்க. ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஆசியாவுக்கான அமைதி மேஜை எங்கே போனது என்று கேட்பீங்க. 1996-ல் அது ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. 57 வருஷத்துக்கு முன்னால் அவர் மூட்டையைக் கட்டிக் கிளம்பிய கோல்கோண்ட் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அடுத்த முறை பாண்டி டிரிப் போனால், மாத்ரிமந்திர் செல்ஃபியோடு திரும்பிவிடாமல், யூனிட்டி பெவிலியனில் அது எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போய்ப் பாருங்க. தொடுவதற்கு முன்னால் மட்டும், அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.