மறைந்தவற்றைத் தேடிய மயிலையார்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என விரியும் நிலப்பரப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஏரிப்பாசன ஊர்களாக இருந்தது. அம்பத்தூரை அடுத்த புழலில், சமண சமயத்தின் முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதருக்குப் பழங்கோயில் ஒன்று உண்டு. அங்குச் சமணர் எப்போது வந்தனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பன போன்ற வினாக்களைத் தமிழகம் முழுவதற்கும் எழுப்பி, விடைதேடி ஊர் ஊராக அலைந்தவர் மயிலை சீனி. வேங்கடசாமி.

1900ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் அவர் பிறந்தார். தந்தையார் சீனிவாச நாயகர் சித்த மருத்துவர். தமையனார் கோவிந்தராசனார் தமிழ்ப்புலமை மிக்கவர். அவர் சேர்த்துவைத்த நூல்களே வேங்கடசாமிக்கு முதற் கல்விச்சாலையாயின. எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்து பயின்ற அவர், குடும்பச் சூழலால் இடையிலேயே கல்வியை நிறுத்த நேர்ந்தது. ஆயினும் ஓவியம் பயின்ற கண் வீண்போகவில்லை. சிற்பத்தின் முன் நின்று அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக உற்றுநோக்கும் பழக்கம் அவருடைய ஆய்வுகளில் பின்னாளில் தெளிவாகப் புலப்படுகிறது.

நீதிக்கட்சியின் 'திராவிடன்' நாளிதழில் சிலகாலம் பணியாற்றியபின் அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அப்பணியிலேயே இருந்தார். பல்கலைக்கழகப் பட்டமோ ஆய்வு நிறுவனத்தின் உதவியோ அவருக்கு இல்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. வகுப்பு முடிந்தபின் நூலகத்திற்கும், விடுமுறை நாள்களில் கல்வெட்டும் சிற்பமும் உள்ள ஊர்களுக்கும் செல்வது அவர் வாழ்க்கை முறையாயிற்று. பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய எழுத்துகளைக் கற்றுத் தேர்ந்ததும், கன்னடமும் மலையாளமும் அறிந்ததும் இத்தேடலுக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் முயற்சியே ஆகும்.

1936இல் 'கிறித்தவமும் தமிழும்' வெளிவந்தது. அச்சுக்கலை, உரைநடை, அகராதி ஆகிய துறைகளில் கிறித்தவர் ஆற்றிய பணியை அந்நூல் தொகுத்துரைத்தது. 1940இல் 'பௌத்தமும் தமிழும்', 1954இல் 'சமணமும் தமிழும்' ஆகியவை தொடர்ந்தன. தமிழ் என்றால் சைவமும் வைணவமும் மட்டுமே எனப் பலர் கருதியிருந்த காலம் அது. தாம் சாராத சமயங்களின் தொண்டை அவர் காய்தல் உவத்தலின்றி எழுதினார். ஊர்ப்பெயர், மக்கள் வழக்கு, வேறு பெயரில் வழிபடப்படும் சிலை ஆகியவற்றையும் ஏட்டுச்சான்றுக்கு இணையாக மதித்தது அவருடைய முறையின் தனிச்சிறப்பு. இன்று ஊர் வரலாறு எழுதப் புகுவோர் எவரும் அவ்வழியை விட்டு விலகுதல் அரிது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் வழங்கும் பெரும்பாறைச் சிற்பம், சமண புராணத்தில் வரும் சகர மன்னனுடைய மக்களின் கதையையே காட்டுகிறது என்று அவர் வாதிட்டார். அக்கருத்து அறிஞரிடையே பெருவழக்காகவில்லை. எனினும், எல்லாரும் பார்த்துப் பழகிய ஒன்றை மீண்டும் ஐயுற்று நோக்கும் துணிவு அதில் உண்டு. சங்கம் மருவிய காலத்து ஆட்சியாளராகிய களப்பிரரின் காலத்தை இருண்ட காலம் என ஒதுக்கிய வரலாற்றாசிரியர்க்கு மறுமொழியாகவே, முதுமையில் அவர் 'களப்பிரர் ஆட்சியில் தமிழகம்' எழுதினார். சான்று குறைந்த காலம் வேறு, இருண்ட காலம் வேறு என்பதை அந்நூல் உணர்த்தியது. துளுநாட்டுக்கும் கொங்குநாட்டுக்கும் தனித்தனியே வரலாறு எழுதியதும், பேரரசுகளின் நிழலில் மறைந்த நிலப்பகுதிகளை வெளிக்கொணரும் நோக்குடையதே.

அவருடைய உழைப்பின் உச்சம் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' எனலாம். வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்களாக மட்டுமே எஞ்சின. அவ்வாறே பெயரளவில் நின்றுவிட்ட நூல்கள் பல. உரையாசிரியர் மேற்கோளாகக் காட்டிய வரிகளையும், கல்வெட்டுகள் தந்த குறிப்புகளையும் திரட்டி, இழந்த நூல்களுக்கு ஒரு பதிவேடு அமைத்தார். கிடைத்த நூலைப் பதிப்பித்தோர்க்கு ஏடாவது கையில் இருந்தது; இவர்க்கு அதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கியத்தை 1962இல் நூலாகத் தொகுத்தபோதும் அதே அச்சமே அவரைச் செலுத்தியது. அச்சேறிய நூல்களும் இதழ்களும்கூட ஒரு தலைமுறைக்குள் காணாமற் போவதை அவர் கண்கூடாகக் கண்டிருந்தார்.

'தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்' அரசின் பரிசு பெற்றது. கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து ஆகியவற்றை ஒருசேர ஆராய்ந்த அந்நூலில் பழைய ஓவிய மாணவரைக் காணலாம். 1980இல், தம் எண்பதாம் அகவையில் மயிலையார் மறைந்தார். நாட்டுடைமையாக்கப்பட்ட அவருடைய நூல்கள் இன்று பலராலும் பதிப்பிக்கப்பட்டு வருகின்றன.